வரிசையை அமைப்பவர் யார்?

சமூக ஊடக நிறுவனங்களுக்குச் சட்டப் பொறுப்பு வேண்டும் என்று கேட்பது, உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைக் கொல்லைப்புறமாக உள்ளே விடுவதாகும் என்று சக சிற்றிதழ் ஒன்று எழுதியிருக்கிறது. கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் வைக்கப்படும் இந்த வாதத்தை முற்றாக மறுக்கிறோம். 66ஏ எழுதியவரைக் கைது செய்யப் பயன்பட்டது. நாங்கள் கேட்பது எழுதியவரைப் பற்றி அல்ல. கோடிக்கணக்கான பதிவுகளில் எது யார் கண்ணில் முதலில் பட வேண்டும் என்று முடிவு செய்பவரைப் பற்றி.

1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம் தொட்டு, முந்நூறு பிரதி போடும் ஏட்டிலும் அச்சிட்டவர் பெயர் இருந்தாக வேண்டும். காலனிய அரசு கண்காணிக்கவே அதைக் கொண்டுவந்தது என்பது உண்மை. ஆனாலும் பெயர் இருந்ததால் வாசகருக்குச் சண்டை போட ஓர் ஆள் இருந்தார். 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபின் சி.சு. செல்லப்பா அதில் கவிஞர் ந. பிச்சமூர்த்திக்குக் கொடுத்த இடம், எந்தக் கவிதை, எந்தக் கட்டுரை, எந்த மறுப்பு என்ற தேர்வு, எல்லாமே விமர்சனச் செயல்கள். புதுக்கவிதை காலூன்றியதில் அந்தத் தேர்வுக்குக் கவிதைகளுக்கு நிகரான பங்கு உண்டு என்றே நம்புகிறோம். அதற்கான வசையையும் அவரே ஏற்றார். அதே வேலையை ஃபேஸ்புக்கில் கணினி நிரல் செய்கிறது. கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு, 2017 முதல் சில காலம் ‘லைக்’கைப்போல ஐந்து மடங்கு மதிப்பு தரப்பட்டதை 2021இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் காட்டின. எதை உயர்த்துவது என்று மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த ஆசிரியத் தீர்மானம் அது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவோ அந்நிறுவனத்தை வெறும் இடைநிலையாளராகவே பார்க்கிறது.

இத்தனை பதிவுகளையும் யார் படித்துப் பார்ப்பது என்று கேட்பார்கள். படிக்கச் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம், அங்கே மாதம் 4.5 கோடிப் பயனர்களுக்குமேல் கொண்ட தளங்கள் தம் அமைப்பால் விளையும் ஆபத்தைத் தாமே மதிப்பிட வேண்டும், பயனரை வேவு பார்க்காத வரிசையையும் தர வேண்டும், ஆய்வாளர்களுக்குத் தரவைத் திறக்க வேண்டும் என்கிறது. மீறினால் உலக வருவாயில் 6 சதவீதம்வரை அபராதம்.

அரசுகள் இத்தகைய சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தும் என்ற மறுப்புதான் கனமானது. 2018இல் இலங்கையில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றில் கருத்தடை மாத்திரை கலப்பதாக ஃபேஸ்புக்கில் வதந்தி பரவியது. சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகனவில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அரசு ஃபேஸ்புக்கையே முடக்கியது. நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. அங்கே 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ எது பொய் என்று சொல்ல ஓர் ஆணைக்குழுவையும், எழுதியவருக்குச் சிறையையும் வைத்தது. இந்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளும் செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டிக்கொடுக்கச் சொல்கின்றன. ஆக, நிறுவனத்தை விட்டுவிடுங்கள் என்பவர்கள் அரசின் பிடியிலிருந்து யாரையும் காப்பாற்றவில்லை. எழுதியவரை மட்டும் அங்கே நிறுத்திவைக்கிறார்கள்.

அமைச்சகத்துக்குக் கட்டுப்படாத, நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லும் ஓர் அமைப்பைக் கேட்கிறோம். பதிவை நீக்கும் அதிகாரம் அதற்குக் கூடாது. வரிசையின் கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரம் வேண்டும். சக சிற்றிதழ் இதற்குக் காரணம் காட்டி மறுப்பு எழுதினால், ஒரு வரியும் வெட்டாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.