இடி கர்த்தருடையது, ஒலிப்பதிவு யாருடையது?



சென்ற கிறிஸ்துமஸ் காலத்தில் நம் வாலிபர் ஐக்கியத்தார் நடத்திய நாடகத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். யோசேப்பும் மரியாளும் தங்க இடமின்றி வீடுவீடாய்க் கதவு தட்டும் காட்சியில் விளக்குகள் மங்கின. ஓலைக்கூரையின்மேல் மழை விழும் சத்தம் ஆலயம் முழுவதையும் நிறைத்தது. பிறகு இடி முழங்கியது. முன்வரிசைப் பிள்ளைகள் தாய்மாரின் மடியில் முகம் புதைத்தார்கள். நானும் மனம் நெகிழ்ந்து மேடையேறி வாலிபரைப் பாராட்டினேன். மறுநாளே அந்த நாடகம் சபையின் பெயரால் யூடியூபில் ஏற்றப்பட்டது.

ஜனவரி மாதத்தில் நம் சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் என்னைக் காண வந்தார். குறும்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்து பிழைப்பவர் அவர். சிறிது நேரம் தயங்கியபின், "ஐயா, அந்த மழை என்னுடையது" என்றார். எனக்கு விளங்கவில்லை. "மழைக்கு நடுவே ஒரு பானையில் நீர் சொட்டும் சத்தம் கேட்டதல்லவா? அது என் தாயார் ஒழுகுகிற இடத்தில் வைத்த பானை. மூன்று இரவுகள் விழித்திருந்து பதிவு செய்தேன். வாகனச் சத்தமும் நாய் குரைப்பும் இல்லாமல் இரண்டு நிமிடம் எடுக்க அத்தனை பாடு. அதைச் சிறு தொகைக்கு விற்று வருகிறேன். யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள், அங்கிருந்து நம் பிள்ளைகள் எடுத்திருக்கிறார்கள்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்பதற்குமுன் அவர் மேலும் ஒன்று சொன்னார்: "கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பேன், ஐயா. ஒருவரும் கேட்கவில்லையே."

அந்த நாடகத்துக்குப் பந்தல் போட்டவருக்குக் கூலி கொடுத்தோம். மைக்செட்காரருக்குக் கொடுத்தோம். பிரியாணி செய்தவருக்கு முன்பணமே கொடுத்தோம். கண்ணுக்குத் தெரிந்த உழைப்புக்கெல்லாம் கணக்கு இருந்தது. காதுக்கு மட்டும் எட்டிய உழைப்புக்குக் கணக்கு இல்லை. வாலிபரைக் குறை சொல்லுவது எளிது. ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய போதகன் நானே கேட்கவில்லை. ஆகையால் இந்த வாரம் நான் எழுதுவது முதலாவது எனக்கு எதிரான கண்டனம். அதற்குப் பின்பே உங்களுக்கு.

"கர்த்தருடைய வேலைக்காக" என்னும் சொல் பிறருடைய உழைப்பை இலவசமாக்கிவிடாது. இதை நாம் பல ஆண்டுகளாக மறந்துபோனோம்.

மழையும் இடியும் ஒருவருக்கும் சொந்தமல்ல என்பது உண்மையே. வானத்தின் முழக்கத்தைச் சிருஷ்டித்தவர் அதற்கு எவரிடமும் உரிமைப்பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அதைக் காத்திருந்து, கருவியில் பிடித்து, செப்பனிட்டுக் கொடுத்தவரின் பதிவு வேறு காரியம். மீன் கடலில் இருக்கும்வரை பொதுவானது. வலைவீசிப் பிடித்தவரின் கூடையிலிருந்து எடுப்பதை மீன்பிடித்தல் என்று யாரும் சொல்லுவதில்லை.

இந்த வேறுபாட்டை நம் தேசத்தின் சட்டமும் அறிந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்துக்கும் இசைக்கும் உரிமை கொடுப்பதோடு, ஒலிப்பதிவுக்கும் தனியே உரிமை கொடுக்கிறது. அந்தப் பதிவில் இசை இருந்தாக வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. ஒலிகள் பதிவாகி, அதிலிருந்து மீண்டும் கேட்கத்தக்கதாய் இருந்தால் போதும். பானையில் சொட்டும் நீரும் அதற்குள் அடங்கும். பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நிலைக்கும். 1960-இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020-இன் முடிவோடு தீர்ந்தது. அதே சட்டம் வேறொருவர் தாமாகவே இன்னொரு மழையைப் பதிவு செய்வதைத் தடுப்பதில்லை. மழை எல்லாருக்கும் திறந்திருக்கிறது. அடைபட்டிருப்பது பிறர் செய்த பதிவை நகலெடுக்கும் வழி மட்டுமே.

சிறப்பு ஒலிகள் எப்படி உண்டாகின்றன என்பதை அறியாததாலும் நாம் அவற்றை மலிவாய் எண்ணுகிறோம். 1977-இல் வெளியான ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தில் துப்பாக்கிகளின் வினோத ஓசையைப் பலர் கேட்டிருப்பீர்கள். பென் பர்ட் என்னும் ஒலிக்கலைஞர், உயர்ந்த கோபுரம் ஒன்றைத் தாங்கி நின்ற இழுவைக் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பதிவு செய்து அதை உருவாக்கினார். நாம் ஒரு நொடி கேட்டு மறந்துவிடும் சத்தத்துக்குப் பின்னால் கூர்மையான செவியும் பொறுமையான கைகளும் இருக்கின்றன.

இனி, நம்மிடையே வழங்கும் சாக்குப்போக்குகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, "ஆராதனைக்குச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறதே" என்பது. ஆம், அளித்திருக்கிறது. உண்மையான சமயச் சடங்கின்போது ஒரு பாடலை நிகழ்த்துவதையோ, ஓர் ஒலிப்பதிவை மக்கள் கேட்கச் செய்வதையோ 52-ஆம் பிரிவு குற்றமாய்க் கருதுவதில்லை. இதற்காக நாம் நன்றியுள்ளவர்களாய் இருக்கவேண்டும். ஆனால் அந்தச் சலுகையின் எல்லையைப் பாருங்கள். வழிபாட்டு வேளையில் பாடுவதையும் கேட்பிப்பதையும் அது சொல்லுகிறது. கள்ள நகலை வாங்கிச் சேர்ப்பதை அது சொல்லவில்லை. பிறருடைய ஒலியை வெட்டி நம்முடைய காணொளியில் ஒட்டி ஆண்டுக்கணக்காய் இணையத்தில் வைத்திருப்பதையும், ஐநூறு பாடல்களின் டிராக்குகளைப் பென்டிரைவில் ஏற்றிச் சபைக்குச் சபை கைமாற்றுவதையும் அது சொல்லவில்லை. ஆலயத்தின் வாசலைத் திறந்துவிட்டவர்கள்மேல், அடுத்த வீட்டின் கதவையும் திறந்துவிட்டதாகப் பழி போடலாமா?

இரண்டாவது, "இதனால் நாம் பணம் சம்பாதிக்கவில்லையே" என்பது. இலாபம் அடையாமல் எடுத்தால் அது எடுத்ததாகாது என்று எந்தக் கற்பனை சொல்லுகிறது? எட்டாம் கற்பனையில் அப்படி ஒரு விதிவிலக்கை நான் வாசித்ததில்லை. சட்டம் இத்தகைய மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்துக்காகச் செய்யாதபோது நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம் என்றும் கூறுகிறது. தண்டனை குறையலாம் என்றுதான் சொல்லுகிறது, குற்றமில்லை என்று சொல்லவில்லை. மேலும் நாம் கீழ்ப்படிய வேண்டியது தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல, மனச்சாட்சியின் நிமித்தமுமாக என்று பவுல் ரோமருக்கு எழுதினதை நினைவில் கொள்வோம்.

மூன்றாவது, "சுவிசேஷம் இலவசம், அதைச் சுமக்கும் இசையும் ஒலியும் இலவசமாய் இருக்கவேண்டும்" என்பது. இதைச் சொல்லுகிறவர்கள் மத்தேயு பத்தாம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தைக் காட்டுவார்கள். இன்னும் இரண்டு வசனம் தாண்டி வாசிக்கும்படி அவர்களை வேண்டுகிறேன். உழைக்கிறவன் தன் ஆகாரத்துக்கு உரியவன் என்ற கருத்தை ஆண்டவர் அதே மூச்சில் சொல்லியிருக்கிறார். இலவசமாய்க் கொடுக்கும்படி கட்டளை பெற்றவர்கள் நாம். நம்மிடம் உள்ளதை நாம் கொடுக்கலாம். பிறரிடம் உள்ளதை எடுத்துக் கொடுப்பது தாராளமாகாது.

நான்காவது, "சில வினாடிகள்தானே" என்பது. இத்தனை வினாடிவரை எடுக்கலாம் என்று நம் சட்டம் எந்த எண்ணையும் வகுக்கவில்லை. அது செவிவழிச் செய்தி. சிறப்பு ஒலி என்பதே சில வினாடிகள்தான். அந்த வினாடிகளை எடுத்தால் முழுவதையும் எடுத்தோம்.

ஐந்தாவது சாக்கில் ஓரளவு நியாயம் உண்டு. "பணமெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கே போகிறது, பாடினவருக்கும் பதிவு செய்தவருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை" என்கிறார்கள். ஒலிப்பதிவின் உரிமை, அதை முன்னின்று பொறுப்பெடுத்துத் தயாரித்தவரையே பெரும்பாலும் சேருகிறது. கருவியைப் பிடித்து நின்றவருக்கு ஒருநாள் கூலியே மிஞ்சலாம். இந்த அநீதியைக் கண்டுதான் 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒலிப்பதிவில் இடம்பெறும் பாடலின் ஆசிரியரும் இசையமைத்தவரும் தமக்குரிய ஆதாயப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி அத்திருத்தம் காத்தது. அநீதியை எதிர்க்கும் வழி இதுவே. வேலையாளுக்கு எஜமான் கூலி குறைத்தான் என்பதற்காக நாமும் அந்த வயலில் புகுந்து கதிர் அறுத்துக்கொண்டு போனால், வேலையாளுக்கு அதனால் என்ன இலாபம்?

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவனாவேன். உரிமை என்னும் பெயரால் பொதுச்சொத்தை அபகரிக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1864-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தால் அவருடைய படைப்பு பொதுவுடைமையாகிறது. ஆகவே அவருடைய கீர்த்தனைகள் தமிழ்த் திருச்சபை முழுவதற்கும் சொந்தம். அவற்றை இன்று ஒருவர் பாடிப் பதிவு செய்தால் அந்தப் பதிவு அவருடையது; கீர்த்தனை அவருடையதல்ல. ஆனால் பழைய கீர்த்தனையைப் பாடி வெளியிட்டுவிட்டு, அந்தப் பாடலே தமக்குரியது என்று பதிந்துகொள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். தன் பாடகர் குழு தன் சொந்தக் குரலில் பாடின கீர்த்தனைக்கு எவரோ உரிமை கோரி அறிவிப்பு அனுப்பினார்கள் என்று கிராமத்துப் போதகர் ஒருவர் என்னிடம் வருந்தினார். தனியொருவரின் கூடையிலிருந்து எடுப்பது திருட்டானால், ஊர்க் குளத்துக்கு வேலி போடுவதும் திருட்டே. ஊழியத்தின் பெயரால் இதைச் செய்கிறவர்கள் வெட்கப்படவேண்டும்.

தாவீது அர்வனாவின் களத்தில் நின்றதை நினைத்துப் பாருங்கள். மாடுகளையும் விறகையும் இலவசமாய் எடுத்துக்கொள்ளும்படி அர்வனாவே மனமுவந்து சொன்னான். தாவீது சம்மதிக்கவில்லை. தனக்குச் செலவில்லாத பலியைத் தன் தேவனுக்குச் செலுத்த அவன் மறுத்து, ஐம்பது சேக்கல் வெள்ளி கொடுத்தான். உடையவன் கொடுக்கச் சம்மதித்தபோதும் ராஜா விலை கொடுத்தான். நாமோ உடையவனுக்குத் தெரியாமலே எடுத்து, அதை ஸ்தோத்திரபலி என்று பீடத்தில் வைக்கிறோம். அந்தப் பலியின் வாசனை எப்படிப்பட்டதாயிருக்கும்?

ஆகையால் நம் சபையில் இனி பின்வருமாறு செய்யத் தீர்மானித்திருக்கிறோம். அந்த நாடகக் காணொளி நீக்கப்பட்டது. சகோதரருக்கு அவருடைய வழக்கமான கட்டணம் சபைக் கணக்கிலிருந்து செலுத்தப்பட்டது. அவர் வேண்டாமென்று மறுத்தும், தாவீதின் கதையைச் சொல்லி வாங்கச் செய்தோம். இனி ஒவ்வொரு நிகழ்ச்சியின் வரவுசெலவுத் திட்டத்திலும் பந்தலுக்கும் உணவுக்கும் இருப்பதுபோல ஒலிக்கும் ஒரு வரி இருக்கும். பாடகர் குழுவிடம் உள்ள டிராக்குகளில் எவை விலைகொடுத்து வாங்கியவை, எவை அனுமதி பெற்றவை என்று பட்டியல் எடுக்கப்படும், மற்றவை அழிக்கப்படும்.

இதனால் நம் நாடகங்கள் ஊமையாகிவிடுமோ என்று வாலிபர் அஞ்சவேண்டாம். முறைப்படி கிடைப்பவை ஏராளம். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் பதிவாளர்கள் தாங்களே மனமுவந்து தங்கள் ஒலிகளைத் தருகிறார்கள். சிலர் நிபந்தனையின்றித் தருகிறார்கள். சிலர் தங்கள் பெயரைக் குறிப்பிடும்படி மட்டும் கேட்கிறார்கள். சிலர் வணிகத்துக்குக் கூடாது என்கிறார்கள். பிபிசி நிறுவனமும் 2018-இல் தன் களஞ்சியத்திலிருந்து 16,000 சிறப்பு ஒலிகளைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் கல்விக்கும் ஆய்வுக்கும் திறந்துவிட்டது. அந்த எல்லைக்கு வெளியே பயன்படுத்த உரிமம் வாங்கவேண்டும். ஒவ்வொன்றிலும் நிபந்தனையை வாசியுங்கள். பெயரைக் கேட்டவருக்குப் பெயரைக் கொடுங்கள்.

எல்லாவற்றிலும் மேலான வழி ஒன்று உண்டு. நம் சகோதரர் தம் கருவிகளோடு வந்து, வருகிற மழைக்காலத்தில் நம் வாலிபருக்கு ஒலிப்பதிவு கற்றுத்தர முன்வந்திருக்கிறார். பெத்லகேமின் ஆடுகளுக்கு நம் ஊர் ஆடுகள் போதும். கதவு தட்டும் சத்தத்துக்கு நம் ஆலயத்தின் பழைய தேக்குக் கதவு போதும். இடிக்காக மட்டும் கர்த்தரின் வேளைக்குக் காத்திருப்போம். ஓர் இரவாவது விழித்திருந்து பதிவு செய்கிற பிள்ளை, பிறகு ஒருபோதும் பிறர் பதிவை அற்பமாய் எண்ணமாட்டான்.

பிடித்துவைக்கப்பட்ட கூலிக்கு ஒரு குரல் உண்டென்றும், அது ஆண்டவரின் செவிக்கு எட்டுமென்றும் யாக்கோபு எச்சரித்திருக்கிறார். அன்றைய நாடகத்தில் நாம் மழையைக் கேட்டோம், இடியைக் கேட்டோம். அந்த மூன்றாவது சத்தத்தை நாம் கேட்கவில்லை, அவர் கேட்டார். இந்த வாரம் உங்கள் கைப்பேசியிலும் கணினியிலும் சேர்ந்திருப்பவற்றைத் திறந்து பாருங்கள். கேட்காமல் எடுத்தது எதுவானாலும், உடையவரிடம் போய் ஒருமுறை கேளுங்கள். நம் சகோதரரைப்போல் மனமுவந்து கொடுக்கிறவர்கள் அநேகர் இருக்கிறார்கள்; கேட்பதற்குத்தான் ஆளில்லை.

நம் காணிக்கைகள் கறையற்றவையாய் இருக்கும்படி கர்த்தர்தாமே நமக்குக் கிருபை செய்வாராக. ஆமென்.