ஊரின் வரைபடத்தை மாணவர் வரையட்டும்

தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றைக் கொடுத்தால், பத்தாம் வகுப்பு மாணவர் அதில் மேட்டூர் அணையையும் தொட்டபெட்டாவையும் பழவேற்காடு ஏரியையும் சரியாகக் குறித்துவிடுவார். பொதுத்தேர்வின் வரைபட வினா அவரை அதற்குப் பழக்கியிருக்கிறது. ஆனால் தன் பள்ளி வளாகத்தில் விழும் மழைநீர் எந்த வாய்க்கால் வழியாக எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் திகைத்து நிற்பார்கள். நாற்பது நிமிட வகுப்பும் முடிக்க வேண்டிய பாடப்பகுதியும் ஆசிரியரை நெருக்கும்போது குறையை அவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. புவியியலை மண்ணோடு சேர்த்துக் கற்பிப்பது ஊரே கூடிச் செய்ய வேண்டிய வேலை.

இந்தப் பாடம் எவ்வளவு பெரியது என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் பெற்றோருடன் வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, வருவது சுனாமி என்று எச்சரித்தாள். இரண்டு வாரங்களுக்கு முன்புதான் புவியியல் வகுப்பில் அதைப் படித்திருந்தாள். கடற்கரையிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர்; சுமார் 100 பேர் பிழைத்தனர். அந்தச் சுனாமியை எழுப்பிய நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமலூவே தீவில் 70,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர், இறந்தவர்கள் சிலரே. 1907-ல் வந்த பேரலையின் நினைவைப் பாட்டாகவும் கதையாகவும் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. நம் நாகப்பட்டினம் மாவட்டத்திலோ 6,000-க்கும் அதிகமான உயிர்களை இழந்தோம். வகுப்பறையின் அறிவும் மூத்தோரின் அறிவும் உயிர் காக்கும் என்பதற்கு ஒரே நாளில் இரண்டு சான்றுகள் கிடைத்தன. இவை இரண்டையும் ஒரே பலகையின்முன் கொண்டுவருவதுதான் நம் கடமை.

படைப்பூக்கத்துடன் கற்பிப்பது என்றதும் கடையில் வாங்கிய தெர்மாகோலில் எரிமலை செய்வது நினைவுக்கு வருகிறது. அதைவிடச் செலவு குறைந்த, ஆழமான வழிகள் உண்டு. பள்ளியில் ஒரு மழைமானி வைக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். அந்த ஆயிரம் லிட்டர் எங்கே போயிற்று என்று கேட்டுவிட்டால், குழந்தைகள் தாமாகவே தண்ணீரின் பின்னால் நடக்கத் தொடங்குவார்கள். வரத்துக்காலைப் பார்ப்பார்கள், மடையையும் கலுங்கையும் பார்ப்பார்கள், ஓர் ஏரி நிரம்பி வழியும் உபரி அடுத்த ஏரிக்குப் போகும் சங்கிலித் தொடரைக் கண்டறிவார்கள். நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவர் உடன் நடந்தால், சரிவையும் சம உயரக் கோட்டையும் புத்தகம் விளக்குவதைவிடத் தெளிவாக அவர் விளக்கிவிடுவார். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை வடகிழக்குப் பருவக்காற்றிலிருந்து பெறும் மாநிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் எது?

பார்ப்பதோடு கேள்வி கேட்கவும் மாணவர் பழக வேண்டும். மெர்காட்டர் 1569-ல் வெளியிட்ட உலகப் படத்தின் முறையில், கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது. மாலுமிகள் திசை தவறாமல் செல்ல வரைந்த படம் அது. பரப்பை ஒப்பிட அது உதவாது. ஆகவே எந்த வரைபடத்தைக் கண்டாலும், யார் வரைந்தது, எதற்காக வரைந்தது, எதை விட்டுவிட்டது என்ற மூன்று கேள்விகள் எழ வேண்டும். இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவைக்கு அடிக்கோடு அளக்கும் பணியை வில்லியம் லாம்டன் 1802-ல் பரங்கிமலைப் பகுதியில்தான் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனி தென்னிந்தியாவில் தன் ஆட்சியை விரித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த மலையைத் தினமும் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வரலாறு போய்ச் சேர வேண்டாமா?

1920-களில் 'லாங் டேங்க்' என்ற நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான பகுதி சென்னையின் தியாகராய நகர். அதன் பழைய படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நகரம் வளர்ந்த விதமும் அது இழந்ததும் ஒருசேரப் புலப்படும். 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் எப்படிச் சுருங்கியது, 2015 டிசம்பர் வெள்ளம் ஏன் தாழ்வான குடியிருப்புகளில் தேங்கியது என்பதெல்லாம் இதேபோல் படங்களை ஒப்பிட்டால் மனப்பாடமின்றியே விளங்கும்.

ஊரின் சமூக வாழ்வையும் வரைய முடியும். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, நூலகம், பேருந்து நிறுத்தம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றைக் குறித்தால், ஊருக்கும் காலனிக்கும் இடையில் வசதிகள் எப்படிப் பிரிந்துள்ளன என்பது வெளிப்படும். மாலைக்குப்பின் மாணவியர் தவிர்க்கும் தெருக்களையும் அந்தப் படம் காட்டும். இங்கே மிகுந்த கவனம் வேண்டும். வசதிகள் மட்டுமே படத்தில் இடம்பெற வேண்டும். எந்தக் குழந்தையின் சாதியோ வீடோ சுட்டிக்காட்டப்படக் கூடாது.

நீர்நிலை ஆக்கிரமிப்பு போன்றவற்றைப் பள்ளி தொட்டால் ஊர்ப்பகை வரும், ஆசிரியர் வம்பில் சிக்குவார் என்ற அச்சம் நியாயமானது. நீர்நிலைப் புறம்போக்கில் ஏழைகளின் குடிசைகளும் இருக்கின்றன. அரசுக் கட்டடங்களும் இருக்கின்றன. பார்த்ததைப் பதிவு செய்து ஆவணத்தோடு ஒப்பிடுவதோடு மாணவரின் வேலை முடிகிறது, தீர்ப்பு அவருடையதன்று. பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலோடு இதைச் செய்தால் ஆசிரியர் தனித்து நிற்க நேராது.

பங்களிப்பு எல்லாரிடமிருந்தும் வர வேண்டும். கல்வித் துறை இதற்குப் பாடவேளையும் அகமதிப்பீட்டில் இடமும் ஒதுக்கி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் கிராம வரைபடத்தையும் நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டையும் வகுப்பில் விளக்க ஒரு மணி நேரம் தரலாம். கல்லூரிப் புவியியல் துறைகள் அருகிலுள்ள பள்ளிகளுக்குத் துணைநிற்கலாம். களப்பயணத்தில் பெற்றோர் இருவர் மூவர் உடன்செல்ல வேண்டும். ஏரி நிரம்பியிருக்கும் காலத்தில் கரையோரம் போகக் கூடாது என்பதில் சமரசமே வேண்டாம். "இதுக்கு மார்க் உண்டா?" என்று கேட்பதைப் பெற்றோர் நிறுத்தினாலே பாதித் தடை விலகும்.

தொடங்குவதற்கு ஒரு நாள் தயாராகவே இருக்கிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ல் தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. பள்ளி மாணவர்கள் வரைந்த ஊர் நீர்வழிப் படத்தை அந்தச் சபையில் வைக்க ஒவ்வொரு ஊராட்சியும் இடம் தரட்டும். நகரங்களில் பகுதி சபைகள் அதைச் செய்யட்டும். பிள்ளைகள் கண்ட அடைப்புகளில் ஒன்றையேனும் அடுத்த மழைக்குள் நீக்குவோம் என்று பெரியவர்கள் உறுதியளித்து, அதை நிறைவேற்றியும் காட்டினால், படித்த பாடம் ஊருக்குப் பயன்படும் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுதும் நிலைக்கும்.