லேக் என்று சொன்னவர்களுக்கு

'மெய்யழகன்' படத்தை 'செம லேக் சார்' என்று சொன்னவர்களோடு சண்டை போடத்தான் இந்தப் பதிவு. 2024 செப்டம்பரில் படம் வெளியான சில நாட்களிலேயே ஏறக்குறைய 18 நிமிடங்களை வெட்டிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் இருவர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசுகிறார்கள். அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. அடிதடி அரைமணி நேரம் ஓடினால் யாரும் லேக் என்பதில்லை.

பாலு மகேந்திராவின் 'சந்தியா ராகம்' பார்த்திருக்கிறீர்களா? 1989இல் எடுத்தது. மனைவியை இழந்த கிழவர் கிராமத்தை விட்டு, சென்னையில் மகன் முறையானவன் வீட்டுக்கு வருகிறார். சொக்கலிங்க பாகவதர் நடித்தார். அந்த வீட்டில் கொடியவர் யாருமில்லை. சம்பளம் போதாது, இடம் போதாது, அவ்வளவுதான். கடைசியில் முதியோர் இல்லம். அப்பாவைத் தெருவில் தள்ளும் மகனைக் காட்டினால் நிம்மதியாக அழலாம், அவன் நாமில்லையே! இந்தப் படத்தில் அந்த வசதி கிடையாது.

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953இல் வந்தது. பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வந்த அப்பா அம்மாவை, வேலை அதிகம் என்று அதாமி என்கிற கடலோர வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். காசு செலவழித்துத்தான்! விடுதியில் ராத்திரியெல்லாம் பாட்டும் கூச்சலும், தூக்கமில்லை. பிள்ளைகளிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் அம்மா இறந்துபோகிறார்.

ஏற்காட்டில் இருந்துகொண்டு அந்த அதாமிக் காட்சியை என்னால் சும்மா பார்க்க முடியவில்லை. சனிக்கிழமை 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வருகிறீர்கள். ஏரியில் படகு, மிளகாய் பஜ்ஜி, ரிசார்ட்டில் ரூம். பெற்றவர்களையும் மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே வரச் சொல்கிறீர்கள். கேட்டால், "அம்மாவுக்கு எதுக்கு சார் சிரமம்?" அம்மா காலையிலேயே குழம்பு வைத்துவிட்டிருப்பார், கண்ணுகளா. சாயங்காலம் காப்பிக்கொட்டை காயப்போட்ட களத்தில் உட்கார்ந்து அப்பா ஒரு கதை ஆரம்பிப்பார். போன தடவையும் சொன்ன அதே கதை. லேக்தான், ஒப்புக்கொள்கிறேன். உங்கள் கை போனுக்குப் போகிறது.

'சார் ரொம்பப் பேசுகிறார்' என்று கோபம் வந்தால் போனில் திட்ட வேண்டாம். அடுத்த முறை மலை ஏறும்போது நேரில் வந்து திட்டுங்கள். வீட்டில்தான் இருப்பேன்.