ஏரியின் நோயைக் காணாத அளவுகோல்

உதகை ஏரியின் நீர்த்தரத்தை நிர்ணயிக்கப் பழைய அளவுகோலே போதும் என்ற முடிவில் பொறுப்பிலுள்ளோர் இன்னமும் பிடிவாதமாக நிற்பது நமக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. குளிப்பதற்கு உகந்த நீரென்று சொல்ல அந்த அளவுகோல் கேட்பவை நான்கே: லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாத கரைந்த பிராணவாயு, 3 மில்லிகிராமுக்கு மேற்படாத உயிர்வேதிப் பிராணவாயுத் தேவை, 6.5 முதல் 8.5 வரையிலான அமில காரக் குறியீடு, வரம்புக்குட்பட்ட கோலிபார்ம் கிருமிகள். பாசி எதை உண்டு பெருகுகிறதோ அந்தப் பாஸ்பரஸுக்கு அதில் இடமே இல்லை.

1973-ம் ஆண்டில் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், 226 என்று எண்ணிட்ட சிறிய ஏரியொன்றை டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய சகாக்களும் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்து, ஒன்றில் மட்டும் பாஸ்பரஸையும் கூட்டியபோது, அந்தப் பாதி மாத்திரமே பச்சைப்பசேலென்று பாசி மண்டியது. அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இந்த உண்மை நம்முடைய அளவுகோலை எட்டவில்லை.

பிராணவாயுக் கணக்கோ இதைவிட விபரீதமானது. வெயிலில் பாசி தானே பிராணவாயுவை வெளியிடுவதால், பாசி மண்டிய நீர் நடுப்பகலில் குறையற்றதாகவே தோன்றும். இரவெல்லாம் அதே பாசி சுவாசித்து, மடிந்தது அழுகி, விடியுமுன் மீன்களுக்கு மூச்சுமுட்டும் வேளையில், குப்பியோடு கரையில் நிற்பார் எவருமில்லை.

ஜான் சல்லிவன் 1820-களில் ஓடைகளை மறித்து அமைத்த இந்த ஏரி, குதிரைப் பந்தய மைதானத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடம்விட்டுச் சுருங்கிய கதை பழையது. ஆனால் கோடப்பமந்து கால்வாய் வழியே நகரத்துச் சாக்கடை ஏரியில் இறங்குவதை இத்தனை காலம் பார்த்திருந்தவர்கள் இதே பொறுப்பாளர்கள்தாம். ஆகாயத்தாமரை படர்ந்தது, வாரினார்கள். மறுபடி படர்ந்தது, மறுபடி வாரினார்கள். அதை வளர்க்கும் சத்து எங்கிருந்து வருகிறதென்று கேட்டதாகத் தெரியவில்லை. உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் சரிவுகளிலிருந்து மழையில் கரைந்துவரும் உரத்தைப் பற்றியும் அதே மௌனம். அடிநீரில் பிராணவாயு அற்றுப்போகும்போது, சேற்றில் இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு மீண்டும் நீரில் கலக்குமாதலால், சாக்கடையை நாளைக்கே அடைத்தாலும் பாசி பல ஆண்டுகள் தொடரக்கூடும். அப்படியிருக்க, இவர்களுடைய ஒவ்வொரு வருஷத் தாமதமும் மன்னிக்கத் தகாத குற்றம்.

பரிசோதனை முறை அடியோடு மாறவேண்டும். கால்வாய், தோட்டம், சேறு மூன்றையும் சேர்த்து நோக்கும் சிரத்தையுள்ளவர்களிடம் அது ஒப்படைக்கப்பட வேண்டும். நீலப்பச்சைப் பாசிகளில் சில ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரப்பவை; அந்த நீரின்மேல் குழந்தைகளைப் படகேற்றிக் கட்டணம் வசூலிப்பவர்கள், அதில் என்ன இருக்கிறதென்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.