குழிக்குக் கூலி, கைக்கு என்ன காவல்?

ஆவடியை அடுத்த கோவில்பதாகை வட்டாரத்தில் நேற்றைய வயல்கள் இன்று மனைகளாகின்றன. மனை என்றால் வேலி. வேலி என்றால் கால் நடக் குழி. முன்பு கடப்பாறையால் முதுகொடியத் தோண்டிய குழியை, இன்று பெட்ரோலில் ஓடும் குழி தோண்டும் மிஷின் சில நிமிடங்களில் போட்டுவிடுகிறது.

மிஷினை நாம் எதிர்க்கவில்லை. உழைப்பவனின் முதுகு நிமிர்வது நல்லதே. ஆனால் அதைப் பிடித்திருக்கும் தோழரைப் பாருங்கள். காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் லுங்கி, கழுத்தில் தொங்கும் துண்டு! இவருக்கு என்ன காவல்?

இந்த மிஷினின் குணத்தை அறிந்துகொள்ள வேண்டும். திருகு மண்ணுக்குள் வேரிலோ, கல்லிலோ, பழைய கட்டடத்தின் கான்கிரீட் துண்டிலோ சிக்கினால் நின்றுவிடும். என்ஜினோ நிற்காது. திருகு சுற்ற முடியாதபோது மிஷினே எதிர்ப்பக்கம் சுற்றும். பிடித்திருப்பவரையும் சேர்த்துச் சுழற்றும். மணிக்கட்டு முறிவதும், கைப்பிடி விலாவில் இடிப்பதும் இதனால்தான். தொங்கும் துண்டோ, முந்தானையோ திருகில் மாட்டினால் ஆளையே இழுத்துக்கொள்ளும்.

ஆகவே தோழர்களே, கால்களை அகட்டி ஊன்றி நில்லுங்கள். கைப்பிடிச் சட்டத்தைத் தொடையோடு அணைத்து, இரு கைகளாலும் பிடியுங்கள். மேலே சாய்ந்து அழுத்தாதீர்கள். சிறிது தோண்டியதும் தூக்கி மண்ணை வெளியேற்றுங்கள். மிஷின் உதறினால் உடனே ஆக்ஸிலேட்டரை விடுங்கள்; கிளச் விலகித் திருகு நிற்கும். ஆக்ஸிலேட்டரை விட்டபின்பும் திருகு சுற்றுகிறதா? அந்த மிஷினைத் தொடவே கூடாது. திருகு சிக்கினால் என்ஜினை அணைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் திருகி எடுங்கள். ஒட்டிய களிமண்ணையும் என்ஜினை அணைத்த பிறகே அகற்றுங்கள். என்ஜின் ஆறாமல் பெட்ரோல் ஊற்றக்கூடாது; அருகில் பீடியும் கூடாது. மண்ணுக்கடியில் மின்சாரக் கேபிளோ, குழாயோ போகிறதா என்று கேட்காமல் முதல் குழியைத் தொடங்காதீர்கள்.

இவையெல்லாம் வேலை செய்பவருக்குத் தெரியாதா? அனுபவப்பட்டவருக்குத் தெரியும். பிறகு ஏன் என்ஜினை அணைக்காமல் காலால் மண்ணை உதைக்கிறார்? குழிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பதால்தான்! என்ஜினை அணைத்தால் குழி குறையும். குழி குறைந்தால் கூலி குறையும். அஜாக்கிரதை என்று தொழிலாளியின் தலையில் பழி போடுவது சுலபம். அவசரத்தை உண்டாக்கியது யார்?

ஆலைத் தோழர்களுக்கு இது புதிய கதை அல்ல. ஓடும் இயந்திரத்தைச் சோதிக்கவோ, எண்ணெய் போடவோ, தனிப் பயிற்சி பெற்றவரே உடலோடு ஒட்டிய உடை அணிந்து செல்லவேண்டும், அந்த உடையை நிர்வாகமே தரவேண்டும் என்று 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் அச்சட்டம் புதிய சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது; ஆனால் அந்த நியாயம் பழையதாகவில்லை. ஆலைக்குள் இருக்கும் கைக்கு ஒரு நியாயம், வயலில் இருக்கும் கைக்கு ஒரு நியாயமா?

கண்ணுக்குத் தெரியாத ஆபத்தும் உண்டு. 1918-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளர்களை டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் பரிசோதித்தார். இடைவிடாத அதிர்வால் அவர்களுடைய விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போயிருந்தன. குழி தோண்டும் மிஷினும் கையை அதிரவைப்பதே. ஒருவரே நாள் முழுவதும் பிடிக்கக்கூடாது. இருவர் மாறி மாறிப் பிடிக்கவேண்டும்.

கதிரடிக்கும் இயந்திரங்களில் கையிழந்தவர்களுக்காக 1983-ல் மத்திய சர்க்கார் ஆபத்தான இயந்திரங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. நஷ்ட ஈட்டுக்கு அதில் இடமுண்டு. மற்ற விவசாய இயந்திரங்களையும் அறிவிப்பின் மூலம் சேர்க்க வழியுண்டு. அந்த வழியைக் குழி தோண்டும் மிஷினுக்கும் திறந்துவிடுவது சர்க்காரின் கடமை.

அதுவரை கைகட்டிக் காத்திருக்க முடியாது. குழிக்கணக்கு ஒழிந்து நாட்கூலி வேண்டும். மிஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். பூட்ஸும், கண்ணாடியும், காதடைப்பும் கான்ட்ராக்டர் செலவில் வரவேண்டும். பழுதான மிஷினைத் தொட மறுக்கும் உரிமை வேண்டும். ஒருவர் கேட்டால் வேலை போகும். ஊரே கேட்டால் கான்ட்ராக்டர் இறங்கி வருவார். ஆவடி, அம்பத்தூர் தொழிற்சாலைத் தோழர்களே! ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இயந்திரத்தோடு பழகிய நீங்கள் கோவில்பதாகைக்கு வந்து, இந்தத் தோழர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

குழி வேலிக்கால் நடத்தான். தொழிலாளியின் வாழ்வைப் புதைக்க அல்ல!