லைட்டா வாசம் போதுமாம்!

நம்மவர்கள் வீடுகளில் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. பெண் ஸ்கூலுக்கோ ஆபீசுக்கோ கிளம்பும்போது தலையில் பூ கூடாது. "வாடை தூக்கலா இருக்கும், பக்கத்துல உக்கார்றவங்க என்ன நினைப்பாங்க?" பதிலுக்குக் கையில் கொடுப்பது பீச், பேரிக்காய், மல்லிகை எல்லாம் கலந்ததாகச் சொல்லும் ஒரு லைட்டான ஸ்ப்ரே. தினசரிக்கு ஏற்றதாம். இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஐயா, மல்லிகையே பழவாசம் உள்ள பூதான். அதில் இருக்கும் பென்சைல் அசிடேட்டைத் தனியாக முகர்ந்தால் பழ வாசம். மெத்தில் ஆந்த்ரனிலேட் திராட்சை வாசம். கூடவே இண்டோல் என்று ஒன்று இருக்கிறது. மலத்திலும் இருக்கிற சரக்குதான், முகம் சுளிக்காதீர்கள் :-) துளியளவு இருக்கும்போது மல்லிக்கு அந்த ராத்திரி நேரத்துக் கனத்தைக் கொடுப்பதே அதுதான். 'லைட்' என்று விற்கிற பாட்டிலில் பெரும்பாலும் அந்தக் கனம்தான் மிஸ்ஸிங். அந்த இடத்தை ஹெடியோன் மாதிரி செயற்கைச் சரக்கு நிரப்புகிறது. 1966-ல் டியோரின் 'ஓ சொவாஜ்' வந்ததிலிருந்து சென்ட் உலகத்தின் செல்லப்பிள்ளை அது.

நிஜப் பூவும் அங்கே போகாமல் இல்லை. சத்தியமங்கலம், மதுரைப் பக்கத்து மல்லி மார்க்கெட்டுக்கு மட்டும் வருவதில்லை, ஃபாக்டரிக்கும் போகிறது. ஹெக்சேனில் வாசத்தை இறக்கி, நூற்றுக்கணக்கான கிலோ பூவை ஒரு கிலோ சாறாகச் சுருக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தலையில் இருந்தால் வாடை, பாட்டிலில் வந்தால் நாகரிகம். என்ன கணக்கு இது?

"வெளிநாட்டுல பூ வெச்சா ஃபைன் போடறாங்களே" என்பார்கள். 2025 செப்டம்பரில் நடிகை நவ்யா நாயருக்கு மெல்பர்ன் விமான நிலையத்தில் 1,980 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டார்கள், உண்மைதான். சுமார் 15 செ.மீ. மல்லிச் சரத்துக்கு. ஆனால் அது வாசத்துக்குப் போட்ட ஃபைன் இல்லை. வெளியிலிருந்து வரும் பச்சைப் பூவோடு பூச்சியும் நோயும் வந்துவிடக்கூடாது என்கிற சட்டம், நியாயமான சட்டம். உங்கள் பால்கனித் தொட்டியில் பூத்ததை வைத்துக்கொள்ள எந்த ஏர்போர்ட் ஆபீசர் தடுத்தார்?

எங்கள் எருத்தேன்பதி பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் பேச்சு தமிழ், வழக்கமெல்லாம் பொள்ளாச்சிப் பக்கம். அங்கே பூ இல்லாமல் கல்யாண வீட்டுக்குப் போனால்தான் கேள்வி வரும். அதற்காக ஊர்ப் பெருமை பேச வரவில்லை. புருஷன் செத்தால் தலைப்பூவைப் பிடுங்கியதும் அதே மாதிரி ஊர்கள்தான். பூ வைத்தே தீரவேண்டும் என்று மிரட்டுவதும் எனக்கு ஆகாது. அங்கே ஊர் கூடிப் பிடுங்கியது. இங்கே யாரும் சொல்லாமலே, பெத்தவர்கள் நாமே பிடுங்குகிறோம். உன் வாசம் அடுத்தவருக்குத் தொந்தரவு என்று பத்து வயசிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறகு அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவும் கூச்சப்படுகிறாளே என்று வருத்தப்படுகிறோம்.

பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு ஆஸ்துமாவோ ஒற்றைத் தலைவலியோ இருந்தால் அது வேறு பேச்சு. பூவை எடுத்துவிடச் சொல்லுங்கள், நானும் சொல்வேன். கையோடு அந்த ஸ்ப்ரேயையும் வாங்கி வையுங்கள்.