மரமும் வரைபடத்தில் இடம்பெறல் வேண்டும்

2009 ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தபின் வடமாகாணத்திற் பாடசாலைகளும் மருத்துவமனைகளும் இல்லங்களும் புதிதாக எழுந்துள்ளன. இதனை நாம் மனமுவந்து வரவேற்கின்றோம். ஆயினும், அத்திவாரத்துக்குக் கயிறு பிடிக்குமுன்னரே வளவிலுள்ள வேம்பையும் மாவையும் தறித்து வெறுவெளியாக்கும் வழக்கத்தை எங்ஙனம் வரவேற்பது?

பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறித்தல் சட்டப்படி குற்றம். சட்டம் கோடரியைத் தடுக்கலாம். மண்வெட்டியைத் தடுப்பவர் யார்? மரத்துக்கு உணவூட்டும் வேர்களிற் பெரும்பாலானவை இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளைநிழலுக்கு அப்பாலும் படர்ந்துள்ளன. அவ்விடத்திற் கிடங்கு வெட்டினும், கல்லும் மணலும் குவிப்பினும், பாரவூர்தி ஓட்டினும் வேர்கள் மாளும். மரமோ உடனே வீழ்வதில்லை. சில ஆண்டுகளிற் பட்டுப்போகின்றது. பழி கோடையின் தலையில் விழுகின்றது.

அடிமர விட்டத்தின் 12 மடங்கு தூரத்தைச் சுற்றிவரக் காத்தல் வேண்டும் என்பது பிரித்தானிய நியமம். இரண்டடி விட்டமுள்ள வேம்புக்கு அது 24 அடியாகும். வளவு சிறிதாயின், வேர்ப்பக்கத்தில் தொடர் அத்திவாரத்தை விடுத்துத் தூண்களின்மேற் கட்டலாம். கட்டிமுடியும்வரை வேலியிட்டு மரத்தைக் காக்கலாம். இவற்றுக்கு ஆகுஞ் செலவு பெரிதன்று.

பொறியியலாளர்கள் மரத்தைக் குறித்த பின்னரே சுவரை வரைதல் வேண்டும். கமக்காரர்கள் தம் வளவில் வேலைசெய்யும் ஒப்பந்தக்காரரிடம் இதனை முன்கூட்டியே நிபந்தனையாக்குதல் வேண்டும். கட்டட அனுமதி வழங்கும் பிரதேச சபைகளும் நகர சபைகளும், மரங்கள் குறிக்கப்படாத வரைபடங்களைத் திருப்பியனுப்புதல் வேண்டும். நம் மக்கள் தெரிந்தனுப்பிய சபைகளிடம் நாம் கேட்பது இதுவே.